நாம் களையாத பழைய ஆடை



சென்ற மாதம் தொடக்கநிலை நான்கு மாணவர்களுக்கு உறவுமுறைப் பெயர்களைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, அண்ணி, மைத்துனர் என்று ஒவ்வொன்றாகப் பலகையில் எழுதி, யார் யாருக்கு என்ன முறை என்று கேட்பது எனக்குப் பிடித்த பாடங்களுள் ஒன்று. பாடவேளை முடிந்து பிள்ளைகள் கலைந்தபின் ஒரு சிறுமி மட்டும் என் மேசையருகே நின்றாள்.

"டீச்சர், 'நம்ம ஆளு'ன்னா அது என்ன முறை?"

அந்தச் சொல்லை எங்கே கேட்டாய் என்றேன். "அக்கா ஒரு அண்ணனைக் கல்யாணம் செஞ்சுக்கணும்னு சொல்றாங்க. அந்த அண்ணனும் சர்ச்சுக்குத்தான் போறாங்க, கிட்டார்கூட வாசிப்பாங்க. ஆனா அப்பா, 'அவன் நம்ம ஆளு இல்ல'ன்னு சொல்லிட்டாரு. சர்ச்சுக்குப் போறவங்க எல்லாரும் நம்ம ஆளுதானே டீச்சர்?"

இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி வருகிறேன். எந்தக் கேள்வியையும் அலட்சியப்படுத்தக்கூடாது என்று ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். அன்றோ, "அம்மாவிடம் கேள், கண்ணு" என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். மாலையில் பூன் லே பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்தபோது என் கால்கள் கூசின. அவள் கேட்டது கேள்வி. நான் சொன்னது நழுவல்.

அந்தக் குடும்பத்தை அடையாளம் காட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன். அந்தத் தந்தையை நான் அறிவேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆராதனையில் எழுந்து நின்று அவர் சாட்சி சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். சம்பள நாளன்று வீடு வந்து சேராத இரவுகள், நாலு நம்பருக்குப் போன பணம், மனைவியின் நகை அடகுக்கடைக்குப் போன கதை ஆகிய அனைத்தையும் மறைக்காமல் சொன்னார். "என் பழைய மனுஷன் செத்துட்டான்" என்று அவர் கண்ணீரோடு சொன்னபோது சபையே அழுதது. நானும் அழுதேன். அந்தக் கண்ணீர் பொய்யன்று. அவர் இன்றுவரை மதுவைத் தொட்டதில்லை. அவரை இகழ்வதற்காக நான் இதை எழுதவில்லை.

என் கேள்வி வேறு. அந்தப் பழைய மனிதன் இறந்துவிட்டான் என்றால், "நம்ம ஆளு இல்ல" என்று சொன்னவன் யார்?

பழைய பாவப் பழக்கங்களை விட்டுப் புதிய வாழ்வு தொடங்குவதைப் பற்றி நம் தமிழ்ச் சபைகளில் பேசாத ஞாயிறு இல்லை. விடவேண்டியவற்றின் பட்டியலும் நமக்கு மனப்பாடம்: குடி, புகை, சூது, தகாத நட்பு, சினிமா மோகம், கெட்ட வார்த்தை. சில சபைகளில் பொட்டும் பூவும் நகையும்கூடப் பட்டியலில் ஏறிவிடும். ஆனால் என் நாற்பத்தாறு வயதில், எந்த ஆராதனையிலும் எந்த எழுப்புதல் கூட்டத்திலும், "நான் சாதி பார்த்தேன், ஆண்டவர் என்னைக் கண்டித்தார், அதை விட்டுவிட்டேன்" என்று ஒருவர் சாட்சி சொல்ல நான் கேட்டதே இல்லை. ஒருமுறைகூட இல்லை. நீங்கள் கேட்டிருந்தால் எனக்கு எழுதுங்கள், மகிழ்வேன்.

இதற்குக் காரணம் நம்மிடையே சாதி இல்லாமை அன்று. சாதியை நாம் விடவேண்டிய பழக்கமாக எண்ணாமையே காரணம்.

ஏன் எண்ணவில்லை? குடியை விட்டவனை வீடு வாழ்த்துகிறது. மனைவி மகிழ்கிறாள், பிள்ளைகள் நிமிர்ந்து நடக்கிறார்கள், வங்கிக் கணக்கில் பணம் சேர்கிறது. சாதியை விட்டவனுக்கோ வீட்டிலேயே எதிர்ப்புத் தொடங்குகிறது. அம்மா சாப்பிட மறுக்கிறார். மாமா பேச்சை நிறுத்துகிறார். ஊரிலிருந்து தொலைபேசி அழைப்புகள் வருகின்றன. ஒன்றை விட்டால் ஊர் மெச்சும். மற்றொன்றை விட்டால் ஊர் ஏசும். ஊர் மெச்சும் மனந்திரும்புதலை மட்டுமே நாம் தேர்ந்தெடுத்துக்கொண்டோம் என்பதே என் குற்றச்சாட்டு.

வேதத்தை நாம் வாசிக்கவில்லையா? வாசிக்கிறோம், ஆனால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுகிறோம். பழைய மனிதனை ஆடையைப்போலக் களைந்துவிட்டுப் புதியவனை அணிந்துகொள்ளும் உவமையைப் பவுல் இரண்டு நிருபங்களில் எழுதுகிறார். எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில் அவர் களையச் சொல்பவை பொய், ஆறாத கோபம், திருட்டு, கெட்ட பேச்சு, கசப்பு, தூஷணம் ஆகியவை. குடிவெறியைப் பற்றிய எச்சரிக்கை அடுத்த அதிகாரத்தில்தான் வருகிறது. கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின் 3ஆம் அதிகாரமோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. பழையவனைக் களைந்து புதியவனை அணிந்துகொண்டவர்களைப் பற்றிச் சொன்ன கையோடு, அங்கே கிரேக்கன் என்றும் யூதன் என்றும், விருத்தசேதனம் உள்ளவன் என்றும் இல்லாதவன் என்றும், அந்நியன் என்றும் சீத்தியன் என்றும், அடிமை என்றும் சுயாதீனன் என்றும் வேறுபாடு கிடையாது என்ற கருத்தை அவர் வைக்கிறார். அதாவது, பழைய ஆடை கழன்றதா என்பதற்குப் பவுல் காட்டும் அடையாளமே பிறப்பு வேறுபாடு ஒழிவதுதான். நாமோ முதற்பாதியைப் பிரசங்கம் செய்கிறோம். மறுபாதி வந்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

"டீச்சர், சாதி என்பது நம் பண்பாடு, அதற்கும் இரட்சிப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்போர் உண்டு. மரியாதைக்குரிய பெரியவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இந்த வாதம் புதிதன்று. இதன் வயது நானூறு ஆண்டுகள்.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, பூணூல், குடுமி, சந்தனம் போன்றவை சமூக வழக்கங்களே, சமயச் சின்னங்கள் அல்ல என்று வாதிட்டார். 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அவற்றுக்கு அனுமதி அளித்தார். நற்செய்தி மேல்சாதியினரையும் எட்டவேண்டும் என்பது நொபிலியின் நோக்கம். நோக்கத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் அன்று "சமூக வழக்கம்" என்ற பெயரில் திறந்த கதவு பின்னர் மூடப்படவே இல்லை.

சீர்திருத்தச் சபையாரும் விலக்கல்லர். சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் கால் வைத்தார். 1718இல் எழுப்பப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்திலும் சாதி வாரியாகவே மக்கள் அமர்ந்தனர். 1733இல் ஆரோன் முதல் தமிழ்க் குருவாகப் பட்டம் பெற்றார் என்பதை நம் ஞாயிறு பள்ளியில் பெருமையோடு கற்பிக்கிறோம். அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக உழைத்த இராஜநாயக்கனை எத்தனை பேர் அறிவோம்? படைவீரராக இருந்து ஊழியத்துக்கு வந்தவர். உழைப்பிலும் விசுவாசத்திலும் குறை சொல்ல முடியாதவர். அவருக்குக் குருப்பட்டம் கிட்டவில்லை. அவர் பறையர் சமூகத்தில் பிறந்தவர். அவர் கையால் மற்றவர்கள் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்ற தயக்கமே காரணம். அப்பமும் இரசமும் கொடுப்பவரின் கையில் கறை இருக்கவில்லை. வாங்குவோரின் கண்ணில்தான் இருந்தது.

நூறு ஆண்டுகளுக்குப் பின், 1833இல், கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைச் சபைக்குள் உடனடியாகவும் முழுமையாகவும் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். விளைவு என்ன? வேப்பேரியிலும் தஞ்சையிலும் திரளானோர் சபையை விட்டு வெளியேறினர். ஆண்டவரை விடத் தயாராக இருந்தவர்கள் ஆசனத்தை விடத் தயாராக இல்லை! அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் மிஷனெரிமாரின் சாதி எதிர்ப்பைக் கண்டித்து எழுதியிருந்தார். 'பெத்லகேம் குறவஞ்சி' தந்த அந்தப் பெருங்கவிஞரின் பாடல்களை இன்றும் நாம் உருகிப் பாடுகிறோம், நானும் பாடுகிறேன். பெரிய பக்திமானும் இந்த ஓர் ஆடையைக் கழற்றத் தடுமாறினார் என்பதுதான் நமக்கான எச்சரிக்கை.

1847இல் அமெரிக்க மதுரை மிஷன் இதற்கு ஒரு சோதனை வைத்தது. அன்பின் விருந்து என்று பெயர். எல்லாரும் ஒன்றாக அமர்ந்து, யார் சமைத்திருந்தாலும் உண்ண வேண்டும். உண்ண மறுத்தவர்கள் சபை ஐக்கியத்திலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டனர். மறுத்தவர்களுள் உபதேசியார்களும் இருந்தனர். வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்கு ஒரு வாய்ச் சோறு தொண்டையில் சிக்கிக்கொண்டது.

இப்போது அந்தியோகியாவை நினைத்துப் பாருங்கள். கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் அந்தச் செய்தி இருக்கிறது. பேதுரு புறவினத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் அவர்களுக்கு அஞ்சிப் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் விலகினர், பர்னபாவும் இழுபட்டார். பவுல் என்ன செய்தார்? 'இது யூதப் பண்பாடு, போகட்டும்' என்று விட்டாரா? எல்லாருக்கும் முன்பாக, முகத்துக்கு நேரே கண்டித்தார். அது நற்செய்தியின் சத்தியத்துக்கு ஏற்ற நடை அன்று என்றார். பேதுரு குடிக்கவில்லை, சூதாடவில்லை, பொய் சொல்லவும் இல்லை. ஒரு பந்தியிலிருந்து எழுந்து போனார், அவ்வளவே. அதுவே அப்போஸ்தலர் இருவரை எதிரெதிரே நிறுத்தப் போதுமான பாவமாக இருந்தது. சாதி வெறும் பண்பாடு என்போர் முதலில் பவுலுக்குப் பதில் சொல்லட்டும்.

"எல்லாம் மெல்ல மெல்ல மாறும், அவசரப்படக் கூடாது" என்பது அடுத்த வாதம். மாறும் என்போர் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே 1872இல் கட்டப்பட்ட திருக்குடும்ப ஆலயம் இரண்டு கால்களாகப் பிரிந்து பீடத்தில் ஒன்று சேரும் அமைப்புடையது. அதனால் 'காற்சட்டைக் கோவில்' என்றே அதற்குப் பெயர். ஒரு காலில் வேளாளர். மறு காலில் நாடாரும் பிறரும். நடுவே சுவர். பீடத்திலிருந்த குருவுக்கு இரு பக்கமும் தெரியும். ஒரு பக்கத்தார்க்கு மறு பக்கத்தார் முகம் தெரியாது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தச் சுவர் மனம் மாறுவதற்கு முன்பே இருந்து, இடிக்க நேரமில்லாமல் விடப்பட்ட பழைய சுவர் அன்று. தலைமுறை தலைமுறையாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்காகப் புதிதாகச் செங்கல் அடுக்கிக் கட்டிய சுவர். பழைய பழக்கம் தானாகத் தேய்ந்து மறைவதில்லை. ஊட்டி வளர்த்தால் அது புது வீடே கட்டிக்கொள்ளும்.

1910இல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை அகற்றினார். பிரிவினையை இழந்தவர்கள் நீதிமன்றம் சென்றனர். தங்களுக்கெனத் தனியிடம் வேண்டும் என்று கிறித்தவர்கள் வழக்காடினர். 1916இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுடைய கோரிக்கையை ஏற்க மறுத்தது. சபை சொல்ல வேண்டியதை நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று.

அது பழங்கதை என்று எண்ண வேண்டா. 2008 மார்ச் மாதம், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர்கள் கேட்டபோது மோதல் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். அது தவக்காலம். நெற்றியில் சாம்பல் பூசி, இறைச்சியைத் தவிர்த்து, பழைய பாவங்களை விட்டுவிட முடிவெடுக்கும் நாற்பது நாள்களுக்குள் அது நிகழ்ந்தது. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டு, தலித் மக்களுக்கான கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டது. ஒப்புக்கொள்வது நல்ல தொடக்கம். சீகன்பால்கு வந்து முந்நூற்றுப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு! இதுதான் 'மெல்ல மெல்ல' என்பதன் வேகம்.

நிற்க. "அதெல்லாம் அங்கே. சிங்கப்பூரில் சாதி ஏது?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது.

உண்மைதான். நம் அடையாள அட்டையில் இனம் உண்டு, சாதி இல்லை. பள்ளியில் சேர்க்கும்போது யாரும் சாதி கேட்பதில்லை. வீவக அடுக்குமாடியில் மேல்வீடு, கீழ்வீடு உண்டு. மேலத்தெரு, கீழத்தெரு கிடையாது. பூன் லே உணவங்காடியில் எந்த மேசையிலும் யாரும் அமரலாம். இது சும்மா வந்ததன்று. 1929ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார், சிங்கப்பூரிலும் பேசினார். 1932இல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' தொடங்கினார். சாதியையும் குடியையும் சேர்த்தே எதிர்த்தார்கள் அவர்கள். ஒன்றைப் பாவம் என்றும் மற்றொன்றைப் பண்பாடு என்றும் பிரிக்கவில்லை. சாரங்கபாணி தாமே சீனப் பெண்மணி ஒருவரை மணந்து வாழ்ந்தும் காட்டினார். அவர்கள் நம் சமயத்தார் அல்லர். பலர் எந்தச் சமயத்தையும் ஏற்காதவர்கள். புதிய பிறப்பு அடைந்தோம் என்று சொல்லும் நாம், அதைச் சொல்லாத அவர்களிடம் தோற்றுப்போகலாமா?

ஏனெனில், இங்கே சாதி தெருவை விட்டு வெளியேறி வீட்டுக்குள் ஒளிந்துகொண்டது. மூன்று நேரங்களில் மட்டும் வெளியே தலை நீட்டும். ஒன்று, ஊரிலிருந்து புதிதாக வந்தவரை நாம் விசாரிக்கும்போது. இரண்டு, யார் வீட்டு விருந்துக்கு யாரை அழைப்பது என்று முடிவு செய்யும்போது. மூன்று, பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது. இணையத்தில் உள்ள கிறித்தவத் திருமணத் தகவல் பக்கங்களைத் திறந்து பாருங்கள். 'மறுபடியும் பிறந்த, ஞானஸ்நானம் பெற்ற, ஆவிக்குரிய மணமகள் தேவை' என்று இருக்கும். அடுத்த வரியிலேயே சாதிப் பெயரும் இருக்கும். மறுபடியும் பிறந்தவருக்கு முதற்பிறப்பின் சாதி எப்படி ஒட்டிக்கொண்டு வந்தது? இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும்.

பிறரை மட்டும் குற்றம் சாட்டுவது எளிது. ஆகவே என்னைப் பற்றியும் எழுதிவிடுகிறேன்.

எனக்கு வரன் பார்த்தபோது என் தந்தையார் சபை மூப்பர். ஊரிலுள்ள உறவினருக்கு அவர் எழுதிய கடிதத்தில் மாப்பிள்ளை 'நம்மவராக' இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. நான் அதை வாசித்தேன். பட்டம் பெற்று, ஆசிரியர் பயிற்சியும் முடித்து, சொந்தச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த நான், வாய் திறக்கவில்லை. என் கணவர் நல்லவர். அது ஆண்டவரின் கிருபை. என் மௌனம் என்னுடையது.

இரண்டாவது இன்னும் மோசம். நாங்கள் கூடும் சிறிய தமிழ் ஐக்கியத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் வந்தார். துவாஸ் பக்கத்துத் தங்குவிடுதியில் இருந்தவர். வாரத்தின் ஒரே விடுமுறை நாளில், நண்பர்கள் தேக்காவுக்குப் போக, அவர் பேருந்து ஏறிப் பூன் லேக்கு வருவார். கணீரென்ற குரல்; பாமாலைகள் மனப்பாடம். ஆராதனை முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "எந்த ஊர் தம்பி?" என்றேன். சொன்னார். என் கணவரின் உறவினர் இருக்கும் ஊர். மகிழ்ச்சியில் அடுத்த கேள்வி தானாக வாயிலிருந்து வந்தது: "ஊருல எந்தத் தெரு?"

தட்டைப் பிடித்திருந்த அவர் கை அப்படியே நின்றது. "ஊருக்கு வெளிய, அக்கா" என்றார்.

அவ்வளவுதான். நான் ஒன்றும் தவறாகப் பேசவில்லை. "அப்படியா தம்பி, நல்லா சாப்பிடுங்க" என்றுதான் சொன்னேன். ஆனால் அந்தத் தெருக் கேள்வி எதை அளக்கும் கோல் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடல் தாண்டி வந்து, பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் உழைத்து, கடவுளின் வீடு என்று நம்பி வந்த இடத்தில், நான் அவரை மீண்டும் அந்த ஊருக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். இரண்டு ஞாயிறுகள் வந்தார், பிறகு வரவில்லை. விசாரித்தபோது, வேலையிடமும் விடுதியும் மாறிவிட்டதாகச் சொன்னார்கள். அப்படியே இருக்கலாம். என் மனம் அதை ஏற்கவில்லை.

வாயில் சிகரெட் வாடையோடு ஒருவர் வந்திருந்தால் எங்கள் ஐக்கியத்தில் அன்றே அவருக்காக ஜெபித்திருப்போம். என் வாயிலிருந்து வந்த அந்தக் கேள்வியின் வாடையை யாரும் கவனிக்கவில்லை. யாரும் எனக்காக ஜெபிக்கவுமில்லை.

பெற்றோர் சொல்லும் இறுதி வாதம், "பிள்ளைகளின் நன்மைக்காகத்தான், ஒத்த பழக்கவழக்கம் இருந்தால் குடும்பம் அமைதியாக இருக்கும்" என்பது. அன்பான பெற்றோர்களே, ஒரே பள்ளியில் படித்து, ஒரே உணவங்காடியில் சாப்பிட்டு, ஒரே சபையில் பாடி வளர்ந்த இரண்டு பிள்ளைகளைவிட ஒத்த பழக்கவழக்கம் உடையவர்கள் யார்? நீங்கள் தேடும் ஒற்றுமை அவர்களிடம் இருக்கிறது. உங்களுக்கு இல்லாமல் இருப்பது ஊராருக்குப் பதில் சொல்லும் துணிவு. அந்தத் துணிவின்மைக்குப் பிள்ளையின் வாழ்க்கையை விலையாகக் கொடுக்காதீர்கள். அதைவிட முக்கியமானது ஒன்று: உங்கள் இளைய பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. வாய்ப்பாட்டைவிட வேகமாக அது இதைக் கற்றுக்கொள்ளும். இருபது ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன்: வீட்டில் கற்றதை வகுப்பறையில் அழிக்க எங்களால் எளிதில் முடிவதில்லை.

ஆசிரிய நண்பர்களே, நமக்கும் பங்கு உண்டு. பாரதியின் பாப்பாப் பாட்டை ராகத்தோடு சொல்லிக் கொடுக்கிறோம். ஔவையாரை ஒப்புவிக்கச் செய்கிறோம். பிறகு ஆசிரியர் அறையில் ஒரு திருமணச் செய்தி வந்தால், குரலைத் தாழ்த்தி, "அவங்க என்ன ஆளுங்க?" என்கிறோம். குரல் ஏன் தாழ்கிறது? தவறு என்று தெரிவதால்தானே!

என்ன செய்யலாம்? பெரிய திட்டங்கள் வேண்டா. சகேயுவின் வீட்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அவன் கண்ணீர் விட்டதாக லூக்கா எழுதவில்லை. அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்று சொன்னான். மனந்திரும்புதல் என்றால் எடுத்ததைத் திருப்பித் தருவது. சாதியால் நாம் பிறரிடமிருந்து எடுத்துக்கொண்டது மரியாதை. ஆகவே அதைத் திருப்பித் தருவோம்.

புதிதாக வருபவரிடம் ஊர்ப் பெயர் கேட்டால் அதோடு நிறுத்துவோம், தெருவைக் கேளோம். நம் வீட்டுத் திருமண விளம்பரத்தில் சாதிப் பெயர் இடம்பெறாது என்று இன்றே கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்வோம். பிள்ளைக்குப் பத்து வயது ஆகும்போதே முடிவு செய்தால் இருபத்தைந்தில் தடுமாற வேண்டியதில்லை. ஞாயிறு விருந்தில் தெரிந்தவர்களுக்குள் வட்டமிட்டு அமராமல், விடுதியிலிருந்து வந்த தம்பிமார் அருகே அமர்ந்து சாப்பிடுவோம். அவர்களை வீட்டுக்கும் அழைப்போம். போதகர்களை வேண்டுகிறேன்: ஞானஸ்நான வகுப்பில் மது, சூது பற்றிக் கேட்கும் அதே மேசையில் சாதியைப் பற்றியும் கேளுங்கள். சாட்சி சொல்லும் நேரத்தில் இந்தப் பாவத்துக்கும் இடம் கொடுங்கள். முதல் சாட்சியாக நான் வருகிறேன்.

அந்தச் சிறுமியை மறுநாளே வகுப்புக்குப் பிறகு நிற்கச் சொன்னேன். "நேத்து நீ கேட்ட கேள்விக்கு டீச்சர் பதில் சொல்லல, மன்னிச்சுக்கோ" என்றேன். பிறகு பலகையைக் காட்டினேன். "இங்க எழுதினோமே, பெரியப்பா, அத்தை, மாமா... இதெல்லாம் முறை. 'நம்ம ஆளு'ன்னு ஒரு முறையே தமிழ்ல கிடையாது. அது பெரியவங்க செய்யுற ஒரு தப்பு. டீச்சரும் செஞ்சிருக்கேன்" என்றேன்.

அவள் சிறிது நேரம் யோசித்தாள். "அப்பா குடிக்கிறத விட்ட மாதிரி இதையும் விட்டுடலாம்ல டீச்சர்?" என்றாள்.

விட்டுவிடலாம், கண்ணு. அதே கிருபையால் விட்டுவிடலாம். பெரியவர்களாகிய நாங்கள் அதை ஒரு பழக்கம் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
பூன் லேயிலிருந்து ஒரு தமிழாசிரியை